முதல் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் போன் கேலரியைத் திறங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால், யூடியூபில் நாற்பது ரிவ்யூ பார்ப்பதற்கும் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உங்கள் போன் கேலரியைத் திறந்து உட்காருங்கள். கடைசி இரண்டு வருஷப் படங்கள் போதும். நன்றாக வந்த படங்களை விட்டுவிடுங்கள், அவற்றுக்குப் போனே போதும் என்று தெரிந்துவிட்டது. ஆசையாக எடுத்து, திரையில் பார்த்ததும் "ச்சே" என்று சொன்ன படங்கள் இருக்கும் இல்லையா, அவற்றை மட்டும் தனி ஆல்பத்தில் போடுங்கள். அழித்துவிட்டேன் என்றால் யோசித்துப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். முப்பது, நாற்பது தேறினால் போதும். எந்த கேமரா வாங்க வேண்டும் என்பதை அந்த ஆல்பம் சொல்லும் அளவுக்குக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்.

பெரும்பாலும் அது மூன்று, நான்கு விதமாகப் பிரியும். ஒன்று, எட்டாத படங்கள். வேடந்தாங்கல் கரையில் நின்று எடுத்த கூழைக்கடா ஒரு வெள்ளைப் புள்ளியாக இருக்கும். தேர் உச்சியில் நிற்கும் ஆள் யாரென்றே தெரியாது. மைதானத்தின் அந்தக் கோடியில் பந்து வீசும் தம்பியைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிவான். இரண்டாவது, வெளிச்சம் குறைந்த இடத்தில் அசைகிற ஆட்கள். இரவுத் திருவிழா, கச்சேரி மேடை, மெழுகுவர்த்தியை ஊதும் குழந்தை, எல்லாமே கலங்கிப்போய் இருக்கும். மூன்றாவது, முகம் நன்றாக இருந்தும் பின்னால் இருக்கும் துணிக்கொடியும் கரண்ட் மீட்டரும் முகத்தோடு போட்டி போடும் படங்கள். போர்ட்ரெய்ட் மோடு போட்டால் பாட்டியின் காதையும் சேர்த்து மங்கலாக்கி வைத்திருக்கும். நான்காவது கொஞ்சம் நுணுக்கமானது. படத்தில் குறை என்று எதுவும் இல்லை, ஆனால் மழைக்கு முன் கருத்துப்போய் நின்ற வானத்தைப் போன் தானாகவே வெளுக்க வைத்து, நீங்கள் பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று என்று ஆகியிருக்கும்.

முதல் விதம் அதிகம் என்றால் உங்கள் பணம் நீளமான லென்ஸுக்குப் போக வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் அதிகம் என்றால் அகலமாகத் திறக்கும் லென்ஸுக்கு. நான்காவது மட்டும்தான் என்றால், ரா ஃபைல் (கேமரா தன் இஷ்டத்துக்குத் திருத்தாமல் அப்படியே தரும் படம்) எடுக்கிற, எல்லாவற்றையும் கையால் மாற்ற முடிகிற எந்த கேமராவும் போதும், பத்து வருஷப் பழசானாலும் பரவாயில்லை. ஆல்பத்தில் ஐந்து படம்கூடத் தேறவில்லையா? அப்போது இப்போதைக்கு கேமரா வேண்டாம். போனில் ப்ரோ மோடு இருந்தால் அதில் மூன்று மாதம் ஷட்டரையும் (வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே வரும் என்பது) ஐஎஸ்ஓவையும் (வந்த வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்பது) மாற்றி விளையாடிவிட்டு மறுபடி இந்த வேலையைச் செய்யுங்கள். பணம் மிச்சம்.

நான் இப்படிச் செய்யவில்லை. என் முதல் கேமராவை ஒரு கடையில் "டபுள் ஜூம் கிட்" என்று கொடுத்தார்கள்: ஒரு 18-55 எம்எம் லென்ஸ், ஒரு 55-200 எம்எம் லென்ஸ் (எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்), கூடவே பை, ஆள் தொட்டாலே ஆடும் ஒரு ட்ரைபாட், 16 ஜிபி கார்டு. இரண்டு லென்ஸ் என்றதும் வாயெல்லாம் பல். அடுத்த வாரமே செய்யாறு பக்கம் ஒரு ஊரில் தெருக்கூத்து, போய் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். கட்டியங்காரன் நுழைந்ததிலிருந்து விடியும் வரைக்கும் 600 படங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கலங்காத படம் பத்துகூட இல்லை. கிரீடம் ஒரு கோடு, புஜகீர்த்தி ஒரு கோடு, முகம் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு தீற்றல்.

என்ன நடந்தது என்று புரியவே எனக்கு ஆறு மாதம் ஆனது. கணக்கு ரொம்ப எளிது, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸின் மேல் எஃப் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். அது லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதற்கான எண். எண் சின்னதாக இருந்தால் வாய் பெரிது. கேமராவோடு சேர்த்துக் கொடுத்த 18-55 கிட் லென்ஸை 55 எம்எம் வரைக்கும் நீட்டினால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அன்று "ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி புள்ளியாக வரும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு 1600-லேயே பூட்டி வைத்திருந்தேன். அந்த ட்யூப் லைட் வெளிச்சத்துக்கு கேமரா கொடுத்த ஷட்டர் வேகம் 1/25 நொடி. கூத்தாடுகிறவர் 1/25 நொடியில் அரைச் சுற்றாவது சுற்றிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது, அவ்வளவு வேகம். அதே இடத்தில் ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வந்திருக்கும் (5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வருவதை அதாலேயே பெருக்குங்கள்). 1/25 என்பது 1/250 ஆகியிருக்கும். கேமரா அதேதான், ஐஎஸ்ஓவும் அதேதான். மாறியிருக்க வேண்டியது பத்தாயிரம் ரூபாயை ஒட்டி விற்கிற ஒரு குட்டி லென்ஸ் மட்டும். நான் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போன 55-200 இருட்டில் அந்த 18-55 அளவுக்கே உதவாதது.

இன்னொன்று. லென்ஸில் விஆர், ஐஎஸ், ஓஎஸ்எஸ் என்று ஏதோ எழுதியிருக்கும், கடையில் அதைக் காட்டி "ஆடினாலும் கலங்காது சார்" என்பார்கள். உங்கள் கை ஆடினால் கலங்காது. எதிரில் இருப்பவர் ஆடினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

லென்ஸ் முடிவானால் பாதி வேலை முடிந்தது

ஆகவே பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை, யோசிக்கும் முன் லென்ஸை முடிவு செய்யுங்கள். ஆட்கள், வீடு, தெரு, கோயில் பிராகாரம், சாப்பாடு, இதுதான் உங்கள் உலகம் என்றால் கிட் லென்ஸோடு ஒரு பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் ஆகாத, எஃப் 1.8 அளவுக்குத் திறக்கிற லென்ஸ் ஒன்று போதும். எல்லாரும் 50 எம்எம் வாங்கச் சொல்வார்கள். நான் ஒரு எச்சரிக்கையோடு சொல்கிறேன். ஆரம்ப விலை கேமராக்களில் இருப்பது பெரும்பாலும் கிராப் சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு முழு அளவைவிடச் சின்னது. அதில் 50 எம்எம் போட்டால் நிக்கானிலும் சோனியிலும் 75 எம்எம் மாதிரியும், கேனனில் 80 எம்எம் மாதிரியும் பார்க்கும். மேடைக்கும் முகத்துக்கும் அருமை. ஆனால் நம் வீட்டு ஹாலில் நான்கு பேரை ஒன்றாக எடுக்க வேண்டுமென்றால் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டும். வீட்டுக்குள்ளும் தெருவிலும் எடுக்கிறவர்களுக்கு நிக்கானின் 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ், கேனனின் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் (பிஸ்கட் மாதிரி தட்டையாக இருக்கும்), சோனி என்றால் சிக்மாவின் 30 எம்எம் எஃப் 1.4, இந்த மாதிரி ஒன்று ரொம்ப நாள் கேமராவை விட்டுக் கழலாது.

பறவை என்றால் கதையே வேறு. 300 எம்எம் குறைந்தபட்சம், அதுவும் கிராப் சென்சாரில் போட்டால் 450, 480 மாதிரி ஆவதால் சமாளிக்கலாம். 70-300 ஒன்றில் ஆரம்பியுங்கள். ஆறு மாதத்துக்கு அப்புறமும் விடிகாலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறீர்களா என்று பாருங்கள், எழுந்தால் 150-600, 200-500 மாதிரி பெரிய லென்ஸைப் பற்றிப் பேசலாம். நிக்கானின் 200-500 மட்டுமே 2.3 கிலோ. வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்றும் சொல்வேன். சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் அடையாள அட்டை, முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு நாளைக்குக் கொடுக்கிறார்கள். வாடகை வீண் செலவு மாதிரித் தோன்றும். தவறான லென்ஸை வாங்கி ஒரு வருஷம் கழித்துப் பாதி விலைக்கு விற்றவனிடம் கேளுங்கள்.

சென்சார், மெகாபிக்சல் பற்றிச் சுருக்கமாக

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 புள்ளி, அதை இன்ச்சுக்கு 300 புள்ளி என்று நன்றாகவே அச்சடித்தாலும் 20-க்கு 13 இன்ச் வரும். வீட்டில் மாட்டும் பெரிய படம் அது. 4கே டிவி மொத்தமும் 8 மெகாபிக்சல் சொச்சம்தான். கடந்த பத்து வருஷத்தில் வந்த ஏறக்குறைய எல்லா கேமராவும் உங்களுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே வைத்திருக்கிறது.

சென்சார் அளவு முக்கியம், ஆனால் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஃபுல் ஃப்ரேம் என்பது 36-க்கு 24 எம்எம். கிராப் சென்சார் 23.5-க்கு 15.6, கேனனில் இன்னும் கொஞ்சம் குறைவு. விலை கூடிய போன்களின் மெயின் சென்சாரோடு ஒப்பிட்டால் இந்தக் கிராப் சென்சாரே பரப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. போனிலிருந்து கிராப் சென்சாருக்குத் தாவுவதுதான் பெரிய தாவல். அங்கிருந்து ஃபுல் ஃப்ரேமுக்குப் போவது சின்னப் படி, ஆனால் செலவில் பெரிய படி, ஏனென்றால் பாடி மட்டுமல்ல, பின்னால் வரும் ஒவ்வொரு லென்ஸும் பெரிதாகவும் விலை கூடியதாகவும் ஆகும். நிக்கானின் பழைய ஃபுல் ஃப்ரேம் டி750 மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசை வரும். வரட்டும். முதல் கேமராவுக்கு கிராப் சென்சார் என்றே நான் சொல்வேன்.

டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா

டிஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸில் வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை, சென்சார் பார்ப்பதையே குட்டித் திரையில் காட்டும். கேனனும் நிக்கானும் டிஎஸ்எல்ஆர் பக்கம் கதவைச் சாத்திவிட்டு மிரர்லெஸ்ஸுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அதனால் டிஎஸ்எல்ஆர் வாங்கினால் வீணா என்றால், இல்லை. கல்யாணப் போட்டோகிராபர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறி பழையதை விற்பதால், செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் சந்தையில் லென்ஸும் பாடியும் கொட்டிக் கிடக்கிறது. பேட்டரியும் நாள் முழுக்க வரும்: நிக்கான் டி3500-க்குக் கொடுக்கப்பட்ட கணக்கு ஒரு சார்ஜுக்கு 1,550 படம், சோனி ஏ6400-க்கு 400-ஐ ஒட்டித்தான். மலை, காடு என்று கரண்ட் இல்லாத இடத்துக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

மிரர்லெஸ்ஸின் பலம் இரண்டு. கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும், ஓடும் குழந்தையைப் பின்தொடரும். அப்புறம், படம் எவ்வளவு வெளுப்பாக, கறுப்பாக வரப்போகிறது என்பதை எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையில், காட்டிவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. பணம் தாராளமாக இருந்தால் மிரர்லெஸ், இறுக்கமாக இருந்தால் பழைய டிஎஸ்எல்ஆர் பாடியும் நல்ல லென்ஸும். புது விலைமலிவு மாடல் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. கேனன் 3000டி-யில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். ஆர்100 மிரர்லெஸ்தான், ஆனால் திரை அசையாது, தொட்டால் வேலை செய்யாது. 200டி இரண்டாம் பதிப்பில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முனையை எடுத்துவிட்டார்கள், அதனால் சாதாரண ஒற்றை முனை ஃபிளாஷும் ட்ரிக்கரும் அதில் எரியாது. பெட்டி புதிது என்பதற்காக இதையெல்லாம் சகித்துக்கொள்வதைவிட 2015-ல் வந்த நிக்கான் டி7200-ஐயோ 2016-ல் வந்த கேனன் 80டி-யையோ நல்ல நிலையில் தேடிப் பிடிப்பது மேல்.

ஏன் அந்த இரண்டையும் சொல்கிறேன் என்றால், அவற்றில் இரண்டு சக்கரம் இருக்கிறது. ஒன்றில் ஷட்டர், இன்னொன்றில் அபெர்ச்சர், அதாவது லென்ஸ் வாயின் அகலம். ஆரம்ப விலை மாடல்களில் ஒரே சக்கரம், மற்றதை மாற்ற ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மேனுவலில் பழகுகிற முதல் மாதத்தில், திருப்ப எரிச்சலாக இருந்தால் ஆட்டோவுக்குத் திரும்பிவிடுவீர்கள், அப்புறம் எதற்கு இந்தச் செலவெல்லாம். மிரர்லெஸ்ஸில் கேனன் ஆர்10, நிக்கான் இசட்50 இரண்டிலும் இரண்டு சக்கரம் உண்டு.

வியூஃபைண்டர் இல்லாத கேமராவை வாங்காதீர்கள். நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 இரண்டும் வீடியோவுக்கு நல்ல கேமராக்கள், ஆனால் கண் வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. நம் ஊர் வெயிலில் காலை பதினொரு மணிக்கு மெரினா மணலில் நின்று திரையைப் பாருங்கள், உங்கள் முகம்தான் தெரியும். ரீல்ஸ் மட்டும்தான் எடுப்பேன் என்பவர்களுக்கு இது பொருந்தாது.

கடையில் கையில் வாங்கிப் பார்ப்பதை விடாதீர்கள். சுண்டுவிரல் பிடியில் நிற்கிறதா, தொங்குகிறதா? கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு வியூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா? பேட்டரி கார்டு எல்லாம் சேர்த்து டி7200 765 கிராம், கேனன் ஆர்50 375 கிராம். ஆபீஸ் பையில் தினமும் போட்டுக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் இந்த 390 கிராம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எனக்குப் பிடி பெரிதாக இருந்தால்தான் சரிப்படும். என் தங்கை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இது என்னண்ணா, அம்மிக்கல்லா?" என்று கேட்டாள்.

மவுண்ட் என்கிற சம்பந்தம்

லென்ஸ் பாடியில் மாட்டும் வாய்க்குப் பெயர் மவுண்ட். இது சம்பந்தம் பேசுகிற மாதிரி. பாடியை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, அதன் குடும்பத்தையே பார்க்க வேண்டும், ஏனென்றால் பாடி ஐந்தாறு வருஷத்தில் மாறும், லென்ஸ்கள் கூடவே இருக்கும். கேனனின் ஈஎஃப் மவுண்ட் 1987-லிருந்து இருக்கிறது, நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-லிருந்து. பழைய லென்ஸ் அவ்வளவு கிடைப்பதற்கு இதுதான் காரணம். புது மிரர்லெஸ் மவுண்டுகளான கேனன் ஆர்எஃப், நிக்கான் இசட் இரண்டும் 2018-ல் வந்தவை. சோனியின் ஈ மவுண்ட் 2010, ஃபியூஜியின் எக்ஸ் 2012.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன, மூன்றிலும் ஆட்கள் விழுந்து பார்த்திருக்கிறேன். முதலாவது, நிக்கானின் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி7000 வரிசையில் மோட்டார் உண்டு. மிரர்லெஸ்ஸுக்கு மாறி, பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அந்த லென்ஸ்கள் தானாக ஃபோகஸ் ஆகாது. இரண்டாவது, அதற்கு நேர் எதிர்: நிக்கானின் புது ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி7000 மாதிரி பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது, கையால் திருப்பினாலும் ஆகாது. மூன்றாவது, செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும் கேனன் எம்50. நல்ல கேமரா, ஆனால் அதன் ஈஎஃப்-எம் மவுண்டை கேனனே மூடிவிட்டது. அந்த லென்ஸ்களை ஆர்எஃப் பாடியில் மாட்ட முடியாது. பழைய ஈஎஃப் லென்ஸ் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், கேனனின் அடாப்டரில் அவை ஆர்எஃப் பாடியில் நன்றாகவே ஓடுகின்றன.

எந்த பிராண்டு என்று இன்னும் குழப்பமாக இருந்தால், சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அவர் நிக்கான் என்றால் நீங்களும் நிக்கான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவருடைய லென்ஸைக் கடன் வாங்கலாம், சார்ஜர் மறந்தால் அவரிடம் இருக்கும், பட்டன் எங்கே என்று கேட்டால் சொல்வார். படத் தரத்தில் இந்த பிராண்டுகளுக்குள் இருக்கும் வித்தியாசம் இந்தச் சௌகரியத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

பகலில் போங்கள். சொந்த மெமரி கார்டு, ஒரு சின்ன டார்ச், முடிந்தால் லேப்டாப். விற்கிறவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

லென்ஸிலிருந்து ஆரம்பியுங்கள், நம் ஊர் ஈரத்தில் முதலில் கெடுவது அதுதான். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரியோ மெல்லிய வேர் மாதிரியோ ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, எல்லாரும் ஃபங்கஸ் என்பார்கள். "லேசா இருக்கு சார், படத்தில் தெரியாது" என்பார் விற்கிறவர். தெரியாதுதான், இப்போதைக்கு. ஆனால் அது பரவும், வேண்டாம். இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்டால் அந்த லென்ஸ் கடற்கரைக்குப் போய் வந்தது.

பிறகு சென்சார். எஃப் 16-க்குக் குறுக்கி, வெறும் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான வட்டப் புள்ளிகள் தூசி, சர்வீஸில் சுத்தம் செய்தால் போய்விடும். கூர்மையான கோடு தெரிந்தால் கீறல், அது போகாது. லென்ஸை முழுசாகத் திறந்து, மேஜையில் கிடக்கும் செய்தித்தாளைச் சாய்வாக எடுங்கள். எந்த வரியில் ஃபோகஸ் வைத்தீர்களோ அந்த வரியே கூர்மையாக இருக்க வேண்டும். எல்லாச் சக்கரத்தையும் மெதுவாகத் திருப்பி, எண் தாவாமல் மாறுகிறதா என்று பாருங்கள். நிக்கானில் பிடியின் ரப்பர் உப்பிக் கழன்றிருப்பது சகஜம், அதைச் சொல்லி விலை குறையுங்கள்.

ஷட்டர் கவுன்ட் பற்றி எல்லாரும் பேசுவார்கள். இதுவரை எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்ற கணக்கு அது. நிக்கானில் கேமராவிலிருந்து நேராக வந்த ஜேபெக் படத்திலேயே பதிவாகியிருக்கும், எக்ஸிஃப் (படத்துக்குள் ஒளிந்திருக்கும் தகவல்) காட்டும் எந்தத் தளத்திலும் பார்க்கலாம். கேனனின் பல மாடல்களில் அப்படிக் கிடைக்காது. டி7200-இன் ஷட்டரை 1,50,000 அடிகளுக்குச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. 40,000 ஓடியிருந்தால் கவலையே வேண்டாம், 1,20,000 என்றால் விலை அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும். ஆனால் கவுன்ட் குறைவு என்பதற்காக மயங்காதீர்கள். ஐந்து வருஷம் பீரோவில் தூங்கிய கேமராவைவிட, வாரம் தவறாமல் கல்யாணம் எடுத்த கேமரா பல நேரம் ஆரோக்கியமாக இருக்கும், பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும் சும்மா கிடப்பதும்தான் பிடிக்கும்.

பில் கேளுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் பாடியின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லாத கேமரா யாருடையது என்பது உங்களுக்குத் தெரியாது. புதிது வாங்கினாலும் இதே கதைதான், "ஜிஎஸ்டி பில் இல்லாமல் என்றால் இவ்வளவு குறையும்" என்று ஒரு விலை வரும். அது பெரும்பாலும் இங்கே வாரண்டி இல்லாமல் வெளியிலிருந்து வந்த சரக்கு. 18 சதவீதம் மிச்சம் என்று நினைப்பீர்கள், ஒரு போர்டு போனால் முழுப் பணமும் போகும்.

பணத்தைப் பிரிப்பது

கையில் இருப்பதில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. 60,000 இருந்தால் 30,000-க்குள் பாடி, மீதியில் கிட் லென்ஸும் ஒரு பிரைமும். ஐந்தாறாயிரத்தைத் தொடாமல் வையுங்கள், சில்லறைச் சாமான்களுக்கே அது போய்விடும்: இரண்டாவது பேட்டரி (மிரர்லெஸ் என்றால் கட்டாயம்), நம்பிக்கையான கடையில் வாங்கிய 64 ஜிபி கார்டு ஒன்று, காற்று ஊதும் ரப்பர் பந்து, துடைக்கும் துணி. 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று 25, 30 எம்பி வரும், 64 ஜிபியில் இரண்டாயிரம் படம் அடங்கும். போலி கார்டுகள் நிறையச் சுற்றுகின்றன, வாங்கியதும் முழுசாக நிரப்பி லேப்டாப்பில் திறந்து பாருங்கள். ட்ரைபாட் இப்போது வேண்டாம். மலிவானது ஆடும், நல்லது விலை கூட, தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறை இடங்களில் அனுமதி வாங்காமல் ட்ரைபாட்டை விரிக்கவும் விட மாட்டார்கள்.

ஒரு செலவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், கேமராவை வைக்க ஒரு காற்றுப் புகாத டப்பா. ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் டிரை கேபினட் வாங்க வசதி இருந்தால் நல்லது, இல்லையென்றால் ரப்பர் விளிம்பு வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காய வைத்து மறுபடி போடலாம். கேமரா பையிலேயே வைத்து மூடிவிடாதீர்கள், பைக்குள் இருக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும். அரிசி, பாச்சை உருண்டை எதுவும் வேண்டாம். காசிமேடு மாதிரி கடற்காற்று அடிக்கும் இடத்துக்குப் போய் வந்தால் லேசாக ஈரப்படுத்திய துணியால் துடைத்து, உலரவிட்டு அப்புறம் உள்ளே வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துப்போகும்போது அரை மணி நேரம் பையை மூடியே வைத்திருங்கள், இல்லையென்றால் லென்ஸ் வேர்த்துவிடும்.

டப்பாவின் மேல் பெரிதாக "கேமரா" என்று எழுதி ஒட்டுங்கள். என் வீட்டில் ஒரு மழைக்காலத்தில் லென்ஸையெல்லாம் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, "நல்லா மூடுதுப்பா" என்று அம்மா அதில் அப்பளத்தைப் போட்டுவிட்டார்.